இந்த நம்பர் யார் கொடுத்தா?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு எம்.ஃபில். ஆய்வேட்டைப் படித்தேன். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கூலி பற்றியது. தொண்ணூறுகளின் நடுவில் எழுதப்பட்ட தட்டச்சுப் பிரதி. எனக்கு முன்னால் யாரும் அதை நூலகத்திலிருந்து எடுத்த மாதிரியே தெரியவில்லை. கணக்கெல்லாம் ரொம்ப நேர்மையாகப் போட்டிருந்தார். ஓர் அட்டவணையில் வாரக்கூலி, நாள் எண்ணிக்கை, அதற்கடுத்து ‘பிடித்தம்’ என்று ஒரு கட்டம். எதற்காகப் பிடித்தார்கள் என்று எங்கேயும் விளக்கம் இல்லை. தண்ணீருக்கா, கங்காணிக்கா, வாங்கின கடனுக்கா? எழுதியவரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம்.

அதனால் அவரைத் தேடினேன். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகிளில் தேடுவதில் ஆரம்பித்தது. இன்ஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக் கூட்டிப் பார்த்து, ஒரு கல்லூரியின் பழைய ஆண்டறிக்கை, ஒரு தனியார் பள்ளி விழாப் புகைப்படம், ஃபேஸ்புக்கில் யாரோ ‘டேக்’ செய்த ஒரு கிரகப்பிரவேசம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கடைசியில் நண்பரின் நண்பர் ஒருவர் ஏதோ வாட்ஸப் குழுவிலிருந்து மொபைல் எண்ணை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

“இந்த நம்பர் யார் கொடுத்தா?”

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “நான் இப்ப அதுல எல்லாம் இல்லைங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். எண் கொடுத்த நண்பருக்கு அன்று சாயந்திரமே திட்டு விழுந்தது.

எனக்கு முதலில் வருத்தம்தான். அவருடைய வேலையைப் பாராட்டத்தானே கூப்பிட்டேன், இதில் என்ன தப்பு? ரெண்டு நாள் கழித்துத்தான் கணக்கு சரியாகத் தெரிந்தது. அந்த அழைப்பு போன நிமிஷத்தில் எனக்கு அவருடைய கணவர் பெயர் தெரியும், மகள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று தெரியும், வீடு எந்தப் பகுதியில் என்றும் குத்துமதிப்பாகத் தெரியும். அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமே இல்லை. நான் தேடியது உப்பளம் பற்றி எழுதிய ஆய்வாளரை. போய்ச் சேர்ந்தது ஒரு குடும்பத்தின் வரவேற்பறைக்கு. இடையில் எந்த இடத்தில் வாசல்படி தாண்டினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு, ஒருவருடைய தொழில்முறைப் பக்கத்தை இணையத்தில் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகளை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஏகப்பட்டது இருக்கிறது, தமிழிலும் வீடியோக்கள் வருகின்றன. எல்லாம் ஒரே அச்சு. மேற்கோள் குறி போடு, இந்தத் தளத்துக்குள் மட்டும் தேடு, படத்தைத் தலைகீழாகத் தேடு, நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்து அவருடையதை ஊகி. பத்து உத்திகள். கடைசிப் பத்தியில், ‘மற்றவர்களின் தனியுரிமையை மதியுங்கள்’. சிகரெட் பெட்டி மேல் போடுகிற எச்சரிக்கை மாதிரி. எப்படி மதிப்பது, எந்த உத்திக்குப் பிறகு நிறுத்துவது என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. ‘பொதுவில் இருப்பதை மட்டும் பாருங்கள்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் பொதுவில் இருந்ததுதானே!

இந்தப் ‘பொதுவில் இருக்கிறது’ என்ற பதில்தான் என் பிரச்சினை. அது எங்கெல்லாம் ஓட்டையாகிறது என்பதை நம்ம ஊர்ப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

மேற்கத்திய உத்திகள் எல்லாம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர். ஒரு எஸ். குமாரைத் தேடிப் பாருங்கள். ஆயிரம் பேர் வருவார்கள். எந்த குமார் என்று பிரித்தெடுக்க எஸ் என்பதை விரிக்க வேண்டும், அதாவது அப்பா பெயர் தேவை. அதுவும் போதாது, சொந்த ஊர் தேவை. அப்புறம் படித்த கல்லூரி, வருஷம். இந்த மூன்றும் சேர்ந்தால் நம்ம ஊரில் பலர் அடுத்து என்ன ஊகிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டொழித்தது தமிழ்நாட்டின் பெரிய சாதனைகளில் ஒன்று. ஒருவர் வேண்டுமென்றே விட்டுவிட்ட ஒன்றை, அவருடைய வேலையை மட்டும் தேடுகிற நான் பக்கவாட்டில் திரும்பக் கண்டுபிடித்துவிடுகிறேன். தேடாமலே கிடைக்கிறது, அதுதான் சங்கடம்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் ஓர் இன்ஷியல், பின் ஓர் இன்ஷியல். ஆய்வேட்டில் இருக்கும் ஆளும் இப்போது ஏதோ கல்லூரியில் வேலை பார்க்கும் ஆளும் ஒருவர்தானா என்று உறுதி செய்ய, இன்ஷியல் மாறியதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. சில சமயம் பழைய இன்ஷியலுக்கே திரும்பியிருப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் தெரிந்துவிடுகிறது. ஓர் அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு அர்த்தம் கேட்கப் போனவனுக்கு ஒரு பெண்ணின் மணவாழ்க்கை வரலாறு.

இதோடு நம் ஆவணங்களின் குணமும் சேர்ந்துகொள்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண் எல்லாம் இருக்கும். அது பொதுவில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தெருக்காரர் எடுத்துப் பார்த்து, ‘இவர் செத்துப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இவர் வீடு மாறிட்டார்’ என்று ஆட்சேபம் சொல்ல வேண்டும். என் மாதிரி ஓர் ஆள் சென்னையில் உட்கார்ந்து ஆய்வேட்டு ஆசிரியரின் வீட்டைக் கண்டுபிடிப்பதற்காக யாரும் அதை வெளியிடவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் ஷோத்கங்காவில் இன்னொரு வேடிக்கை. நன்றியுரைப் பக்கங்களைப் படித்திருக்கிறீர்களா? நெறியாளர், துறைத்தலைவர், அப்புறம் மாமியார், குழந்தைகளின் பெயர், கணவர் விட்டுக்கொடுத்த தூக்கம், நகையை அடகு வைத்த அண்ணன். எனக்கு ரொம்பப் பிடித்த இலக்கிய வகை அது. ஆனால் அவற்றில் பலவும் துறை நூலக அலமாரியில் நாலு பிரதி இருக்கும், பத்து பேர் புரட்டுவார்கள் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. பிறகு ஸ்கேன் செய்து மொத்தமாக இணையத்தில் ஏற்றினார்கள். எழுதியவர்கள் இடத்தை விட்டு நகரவே இல்லை. சுவர்தான் நகர்ந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தொட்டிருக்கிறது. ஒருவருடைய குற்றப் பதிவுத் தொகுப்பை எஃப்.பி.ஐ.யிடம் கேட்டார் ஒரு பத்திரிகையாளர். அதில் இருக்கும் ஒவ்வொரு தகவலும் ஏதாவது ஒரு ஊர் நீதிமன்றத்தில், ஏதாவது ஒரு காவல் நிலையத்தில் பொதுப் பதிவாகத்தானே இருக்கிறது என்பது கேட்டவர் தரப்பு. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் தாள்களும், அவற்றைச் சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பும் ஒன்றல்ல என்றது. சிதறிக் கிடப்பதே ஒருவகை மறைவு, அந்த மறைவுக்கும் மதிப்புண்டு என்பது தீர்ப்பின் சாரம். அன்றைக்குச் சேர்த்துக் கட்டுவதற்கு எஃப்.பி.ஐ. தேவைப்பட்டது. இன்றைக்கு நானும் ஒரு செல்போனும் போதும்.

நம்ம பக்கத்திலும் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு உண்டு. 1994-இல் ஆட்டோ சங்கர் வழக்கு. சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முயன்றது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். தனியாக விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், ஆனால் ஒரு விஷயம் பொதுப் பதிவாகிவிட்டால் அதன் மேல் அந்த உரிமை நிற்காது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பாலியல் குற்றங்களுக்கு ஆளான பெண்கள் போன்றவர்களுக்கு விலக்கு வைத்தது. நான் அந்தத் தீர்ப்பின் ரசிகன். ஒரு பத்திரிகை, எதிரில் அரசு அதிகாரிகள். அந்த மோதலில் ‘பொதுப் பதிவு’ என்ற வாதம் பலவீனமானவர் கையில் இருந்த கேடயம். அதே வாதத்தை எடுத்துக்கொண்டு ஒரு முன்னாள் எம்.ஃபில். மாணவியின் வீட்டுக் கதவைத் தட்டினால் அது கேடயம் இல்லை, வேறு ஏதோ.

இப்போது லிங்க்ட்இன்னுக்கு வரலாம். தொழில்முறைப் பக்கம் என்றாலே பலருக்கு அதுதான். 2003-இல் ஆரம்பித்து 2016-இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கிய நிறுவனம். ‘என்னைக் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்வதற்காகவே மக்கள் அங்கே பக்கம் வைத்திருக்கிறார்கள், அங்கேயுமா தனியுரிமை என்று கேட்கலாம். இதற்கு விடை தேடுகிறவர்கள் ஹைக்யூ லேப்ஸ் வழக்கைப் படிக்க வேண்டும்.

ஹைக்யூ என்பது சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன நிறுவனம். லிங்க்ட்இன்னில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும் பக்கங்களை இயந்திரம் வைத்து அள்ளும். அதை அலசி, உங்கள் ஊழியர்களில் யார் வேலையை விட்டுப் போகும் மனநிலையில் இருக்கிறார்கள் என்று முதலாளிகளுக்கு விற்கும். அந்தச் சரக்குக்கு ‘கீப்பர்’ என்று பெயர். 2017 மே மாதம் லிங்க்ட்இன் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது, ஹைக்யூ நீதிமன்றம் போனது. கடவுச்சொல் இல்லாமலே திறந்து கிடக்கும் பக்கத்தைப் பார்ப்பது கணினிக்குள் அத்துமீறி நுழைவது ஆகாது என்ற திசையில் 2019-லும், உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிய பிறகு 2022 ஏப்ரலில் மறுபடியும், ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹைக்யூவுக்குச் சாதகமான தடையாணையை உறுதி செய்தது. கதை அங்கே முடியவில்லை. 2022 கடைசியில் பயனர் ஒப்பந்தத்தை மீறியதாக மாவட்ட நீதிமன்றம் சொன்னது, ஹைக்யூ 5 லட்சம் டாலர் தீர்ப்புக்குச் சம்மதித்து முடித்துக்கொண்டது. ‘பொதுப்பக்கத்தை அள்ளலாம் என்று அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது யார் ஜெயித்தார்கள் என்பது இல்லை. வழக்கின் நடுவில் வந்துபோகும் ஒரு சின்ன விஷயம். லிங்க்ட்இன்னில் ஒரு வசதி உண்டு: பக்கத்தை மாற்றினாலும் அதை என் தொடர்புகளுக்கு அறிவிக்காதே என்று சொல்லி வைக்கலாம். 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று லிங்க்ட்இன் நீதிமன்றத்தில் சொன்னது. ஏன் அத்தனை பேர்? யோசித்தால் புரியும். வேறு வேலை தேடும்போதுதான் நாம் பக்கத்தைத் தூசி தட்டுவோம். அது மேலாளர் கண்ணில் படக்கூடாது. பக்கம் திறந்துதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் ‘இவன் இன்னிக்கு மாத்தினான்’ என்று தண்டோரா போடாதே என்கிறார்கள். நீதிமன்றம் இதை வைத்துக்கொண்டு, பொதுவில் போட்டவர்களுக்குத் தனியுரிமை எதிர்பார்ப்பு அவ்வளவாக இல்லை என்ற முடிவுக்குத்தான் சாய்ந்தது. எனக்கு இது நேர் எதிராகத் தெரிகிறது. திறந்த பக்கத்தின் மேலும் மனிதர்களுக்கு நுணுக்கமான எதிர்பார்ப்புகள் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

லிங்க்ட்இன்னைப் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் எடுப்பவர்களுக்கு அது விற்கும் சேவையில், ஒருவரைப் பின்தொடரலாம், அவர் பக்கம் மாறினால் சேதி வரும். பின்தொடர்வது அவருக்குத் தெரியாது, கவலைப்படாதீர்கள் என்றே விளம்பரத்தில் சொல்லியிருந்தது. மாவட்ட நீதிபதி அதைத் தீர்ப்பில் எடுத்துப் போட்டுக் காட்டினார். பயனர்களின் தனியுரிமைக்காகப் போராடுகிறோம் என்ற நிறுவனத்தின் வாதம் அந்த இடத்தில் கொஞ்சம் நொண்டியது.

ஹெலன் நிஸன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ‘பிரைவசி இன் கான்டெக்ஸ்ட்’ (2010) இந்தப் பேச்சில் எல்லோரும் எடுக்கும் புத்தகம். பொது, தனி என்று தகவலை ரெண்டு டப்பாவில் போடாதீர்கள் என்கிறார். யாரைப் பற்றியது, எந்த வகைத் தகவல், யார் தருகிறார், யாருக்குப் போகிறது, எந்த நிபந்தனையில் போகிறது என்ற ஐந்தையும் பாருங்கள். டாக்டரிடம் சொன்னது டாக்டரிடம் இருக்கும் வரை சரி, அதே சேதி முதலாளிக்குப் போனால் மீறல். நான் மேலே சொன்ன வாக்காளர் பட்டியலுக்கும் நன்றியுரைக்கும் இந்தக் கண்ணாடி அழகாகப் பொருந்துகிறது. புத்தகம் எனக்கு நிறையக் கொடுத்தது என்பதைச் சொல்லிவிட்டே குறையும் சொல்கிறேன். மருத்துவமனை, பள்ளிக்கூடம், வங்கி போன்ற பழைய இடங்களில் எது வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். தொழில்முறைப் பக்கத்துக்கு என்ன வழக்கம்? அம்மா இறந்ததையும் அங்கேதான் போடுகிறார்கள், வேலை போனதையும் அங்கேதான் போடுகிறார்கள், விடுமுறைப் படமும் அங்கேதான். வழக்கம் உறுதிப்படாத இடத்தில் அந்த இடத்தின் நோக்கத்தைக் கேளுங்கள் என்பது அவருடைய பதில். நோக்கத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பக்கம் வைத்திருப்பவரா, தளத்தை நடத்தும் நிறுவனமா? ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெயரைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் தனி ஆளுக்கு அந்த ஐந்து கட்டங்களில் எது கையைப் பிடித்து நிறுத்தும்? நிறுவனங்களை விசாரிக்க நல்ல கருவி. எனக்கு அது போதவில்லை.

சட்டம் போதுமா என்றால் அதுவும் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகு, 2023-இல் நமக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவர் தானே பொதுவில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகத் தகவலைக் கையாள்வதற்கும் பொருந்தாது. அதாவது லிங்க்ட்இன்னில் நீங்கள் போட்டதை அள்ளுகிற நிறுவனமும் வெளியே, ஃபேஸ்புக்கில் துருவுகிற நானும் வெளியே. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தியது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநலன் என்ற வாசகம் இப்போது அதில் இல்லை. பொதுநலன் பேசும் 8(2) தனியாக இருக்கிறதுதான், ஆனால் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பது சுலபமாகிவிட்டது. அதிகாரி ஒருவரின் கல்வித் தகுதியைக் கேட்கிற குடிமகனிடம் தனியுரிமை பேசலாம், சாதாரண ஆளின் பக்கத்தை அள்ளுகிற நிறுவனத்திடம் பேச முடியாது. தலைகீழாக இல்லையா? பதவியில் இருப்பவர் அந்தப் பதவி சம்பந்தமாகத் தேடப்பட வேண்டியவர். இந்தக் கட்டுரை அவர்களுக்கு அடைக்கலம் தருவதற்காக எழுதியது அல்ல.

சிங்கப்பூர்ச் சட்டம் வேறு ஒரு கோடு போடுகிறது. அலுவலக எண், பதவி, அலுவலக மின்னஞ்சல் போன்ற ‘தொழில் தொடர்புத் தகவல்’ 2012-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் தகவல் பாதுகாப்பு விதிகளுக்குள் வராது, முழுக்கத் தன் சொந்தக் காரியத்துக்காக ஒருவர் கொடுத்ததாக இருந்தாலொழிய. எதற்காகக் கொடுத்தார் என்பதை வைத்துக் கோடு போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணும் அதே ஆளின் வீட்டு எண்ணும் ரெண்டும் எண்தான், ஆனால் வேறு வேறு.

சட்டமும் தத்துவமும் விட்ட இடத்தில் எனக்கு உதவியது ஒரு பழைய நடைமுறை. நம்ம ஊரில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ‘விசாரிக்கிறது’ என்று ஒன்று உண்டு. அதைப் போற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதில் சாதி உண்டு, வம்பு உண்டு, எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை அது கெடுத்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு குணம் இருந்தது. டீக்கடையில், அலுவலக வாசலில் ஒருத்தர் போய் விசாரித்தால், சாயந்திரத்துக்குள் சம்பந்தப்பட்டவருக்கே சேதி வந்துவிடும், ‘யாரோ ஒருத்தர் வந்து உங்களைப் பத்திக் கேட்டுட்டுப் போனாரு’ என்று. கேட்பவரும் தன் முகத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதனாலேயே எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் அசிங்கம் என்ற கணக்கு அவருக்குள் ஓடும். இப்போதும் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் லிங்க்ட்இன்னைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சேதி மட்டும் திரும்பிப் போவதில்லை.

லிங்க்ட்இன்னுக்கே இது ஓரளவு புரிந்திருக்கிறது. உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று காட்டும். பெயரை மறைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்க்கலாம், ஆனால் அப்படிப் பார்த்தால் உங்களை யார் பார்த்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது. நியாயமான பண்டமாற்று! மாதச் சந்தா கட்டினால் அந்த நியாயமும் போய்விடும். நீங்கள் முகத்தை மூடிக்கொண்டு பார்க்கலாம், உங்களைப் பார்த்தவர்களின் முகமும் தெரியும். முகமூடியைக் காசுக்கு விற்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

அதனால் நான் இப்போது வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிமையானது. எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரியில், ‘உங்களை இப்படித்தான் கண்டுபிடித்தேன்’ என்று கூச்சமில்லாமல் எழுத முடியுமா? ‘உங்கள் கட்டுரையின் அடியில் இருந்த மின்னஞ்சலைப் பார்த்தேன்’ என்று எழுதலாம். ‘துறையின் இணையப் பக்கத்தில் பார்த்தேன்’ என்று எழுதலாம். ‘உங்கள் மகளின் பள்ளி ஆண்டுவிழாப் படத்திலிருந்து’ என்று எழுத முடியாது. எழுத முடியாத வழியில் போகக்கூடாது, அவ்வளவுதான். இதில் ஓட்டை இருக்கிறது, எனக்கும் தெரியும். கூச்சமே இல்லாதவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். அவர்களுக்கு எந்தக் கட்டுரையாலும் பிரயோஜனம் இல்லை. ஓடிப்போனவரைத் தேடுகிற கொடுமைக்கார மாமன் மச்சானுக்கும் இதே தேடுபொறிதான்.

நடைமுறையில் இது என் தேடலின் வரிசையை மாற்றியது. முதலில் வேலை, பிறகு ஆள். ஒருவர் எழுதியதை வைத்து கூகிள் ஸ்காலரில் ஆரம்பிக்கிறேன். பிறகு ஓர்கிட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 2012-இல் வந்த அந்த 16 இலக்க எண் நம்மைப் போன்ற இன்ஷியல்காரர்களுக்குப் பெரிய வரம். பெயர் மாறினாலும் எண் மாறாது, அப்பா பெயரும் தேவையில்லை. எந்த வரியை எல்லோருக்கும் காட்டுவது, எதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்பதைச் சொந்தக்காரரே வரி வரியாக முடிவு செய்யலாம். நான் பார்த்த தொழில்முறைப் பக்கங்களில் அதற்கு மட்டும்தான் முழு மதிப்பெண் போடுவேன். அதற்குப் பிறகு நிறுவனத்தின் பக்கம். அங்கேயும் இல்லையென்றால் அவரை அறிந்த ஒருவர் வழியாகச் சேதி சொல்லி அனுப்புவது. முகவரியைக் கேட்பது இல்லை, என் முகவரியைக் கொடுத்தனுப்புவது. ஃபேஸ்புக், குடும்பப் படங்கள், வாட்ஸப் குழுக்கள், மற்றவர்களின் போன் புத்தகத்தை உறிஞ்சிப் பெயர் காட்டும் செயலிகள், இவற்றின் பக்கம் போவதில்லை.

இப்படித் தேடினால் சிலரைக் கண்டுபிடிக்கவே முடியாது. போன வருஷம் மட்டும் ரெண்டு பேரை அப்படி விட்டேன். ஒருவர் எழுதிய ஒரு வரைபடத்தின் அளவுகோல் தப்பா சரியா என்று இன்றுவரை தெரியாது. ஆராய்ச்சிக்கு நஷ்டம்தான், பொய் சொல்லவில்லை.

உப்பளக் கட்டத்துக்கு வருகிறேன். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நெறியாளர் பெயர் இருந்தது. ஓய்வுபெற்றுவிட்டார். அவர் வேலை பார்த்த துறையின் முகவரிக்கே ஒரு தபால் எழுதினேன். நான் யார், ஆய்வேட்டை எந்த நூலகத்தில் பார்த்தேன், எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம். ஏற்கனவே ஒருமுறை தப்பான வழியில் போய் அவரைத் தொந்தரவு செய்ததையும் எழுதினேன். அவருக்குச் சொல்லலாம் என்று தோன்றினால் மட்டும் சொல்லுங்கள், எனக்கு அவர் முகவரி வேண்டாம் என்று முடித்தேன்.

மூன்று மாசம் கழித்து நெறியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாலே வரி. ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் பாத்தியில் வேலை கிடையாது, அந்த மாதங்களுக்கு வாங்கும் முன்பணத்தைத்தான் வெயில் காலத்தில் வாராவாரம் பிடிப்பார்கள், இதை ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அன்றைக்கு விளக்கம் எழுதத் தோன்றவில்லையாம். ‘அவர் சொல்லச் சொன்னார்’ என்று இருந்தது. அவர் இப்போது எங்கே, என்ன செய்கிறார் என்று நெறியாளர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அட்டவணையின் ஓரத்தில், என் நகலில், பென்சிலால் ‘மழைக்கால முன்பணம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.